கட்டைப்பையில் போனது

கிதர் முகம்மதுவின் கடை திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. பன்னிரண்டு அடி அகலம். வாசலில் தொங்கும் பைகளைத் தலையால் விலக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். முப்பத்தோரு வருடமாக அவர் பை விற்கிறார். அதற்கு முன்னால் அதே இடத்தில் அவருடைய அத்தா விற்றார்.

வந்து நிற்பவர் எந்தச் சொல்லால் கேட்கிறார் என்பதை வைத்தே ஆளைக் கணக்குப் போட்டுவிடுவார். டிரங்குப் பெட்டி இருக்கிறதா என்று கேட்பவர், பேரனை விடுதியில் சேர்க்கப் போகும் கிழவராக இருப்பார். ஏர் பேக் என்பவர் ஐம்பதைத் தாண்டியவர். விமானக் கம்பெனிகள் பயணிகளுக்குக் கொடுத்த தோள்பையிலிருந்து அந்தப் பெயர் வந்ததாக அத்தா சொல்லியிருந்தார். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரியென்றிருந்த ஊர்கள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் சபரிமலைக்கும் திருப்பூருக்கும் போயின. சூட்கேஸ் என்று கேட்டால் வீட்டில் கல்யாணம். ட்ராலி என்று கேட்டால் துபாய், சவூதி. கல்லூரிப் பிள்ளைகள் 'பேக்' என்று மட்டும் சொல்வார்கள். எந்த பேக் என்றால் பதில் சொல்லாமல் முதுகைத் தொட்டுக் காட்டுவார்கள்.

அத்தா காலத்தில் உள்ளூரிலேயே பதனிட்ட தோலில் தைத்த கைப்பெட்டி விற்றது. மூலைக்கு மூலை பித்தளை. வக்கீல்கள் வாங்கினார்கள். ரயிலில் தூரம் போகிறவர்கள் ஹோல்டால் வாங்கினார்கள். மெத்தை, தலையணை, மாற்றுத்துணி எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி வாரால் இறுக்கும் கேன்வாஸ் விரிப்பு. ரெக்ஸின் வந்தது, தோல் பெட்டி போனது. சக்கரம் வந்தது, ரெக்ஸின் போனது. இதற்கெல்லாம் கிதர் முகம்மது வருத்தப்பட்டதில்லை. எது விற்கிறதோ அதைத் தொங்கவிட்டார்.

அவர் விற்காத பை ஒன்றே ஒன்று. கட்டைப்பை. ஜவுளிக்கடைகளில் சும்மா கொடுப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? முதலில் கைப்பிடிக்கு இரண்டு மரக்கட்டை வைத்துத் தைத்தார்கள். இப்போது பிளாஸ்டிக் குழாய்தான், பெயர் மட்டும் மாறவில்லை. தன் வியாபாரத்தில் பாதியைத் தின்ற பை அது என்று தெரிந்தும் அவர் அதற்கு ஒரு மரியாதை வைத்திருந்தார். நகையோடு வெளியூர் போகிறவர்கள் நல்ல கைப்பையாகக் கேட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

"நகைக்கு எங்கிட்ட பை வாங்காதீங்கம்மா. நல்ல பையப் பாத்தா திருடன் கூடவே டிக்கெட் எடுப்பான். வீட்ல கெடக்குற கட்டப்பையில போட்டு, மேல ஒரு பழைய சேலையத் திணிச்சுக் கொண்டுபோங்க. ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான்."

"பை கடைக்காரரே பை வேணாங்கிறாரே" என்று அவர்கள் சிரிப்பார்கள். பிறகு அவர் சொன்னபடியே செய்வார்கள். யாருக்கும் எதுவும் தொலைந்ததில்லை.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, தனியார் மருத்துவமனை ஒன்றின் இரண்டாவது மாடியில், நர்ஸ் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஜாடியைக் கொடுத்தாள். ஊறுகாய் ஜாடி அளவு. உள்ளே நிறமில்லாத மருந்துத் தண்ணீர். அதற்குள் ஒரு சதைத்துண்டு, சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு. முந்தின நாள் மாலை அவருடைய மனைவி சர்புன்னிசாவின் இடது மார்பிலிருந்து எடுத்தது. ஜாடியைச் சுற்றி ஒட்டிய வெள்ளை பிளாஸ்டரில் பேனாவால் ஆங்கிலத்தில் பெயரும் வயதும் ஒரு எண்ணும் எழுதியிருந்தார்கள்.

"மூடியத் தொறக்காதீங்க, கண்ணு எரியும்" என்றாள் நர்ஸ். "கூரியர்ல போட்டா ரெண்டு நாள் இழுக்கும். நீங்களே மதுரை லேபுல கொண்டுபோய்க் கொடுத்துட்டா சீக்கிரம் வந்துரும். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

ஊசியால் எடுத்த முதல் பரிசோதனையில் சந்தேகம் என்றுதான் வந்திருந்தது. புற்று என்றும் இல்லை, புற்று அல்ல என்றும் இல்லை. டாக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார்: கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது, இதைச் சோதித்து வரும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் மேற்கொண்டு வைத்தியம், அதுவரை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

சர்புன்னிசா விழித்திருந்தாள். தொண்டை வறண்ட குரலில் கேட்டாள்.

"அதானா?"

"ஆமா."

"காட்டுங்க."

"வேணாம்."

"எம்மேல இருந்ததுதான. காட்டுங்க."

அவர் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதுக்குப் போயா மூணு மாசமா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தேன்" என்றாள்.

மகள் நஸீரா கட்டில் பக்கத்தில் நின்றாள். "அத்தா, கடையில இருந்து ஒரு ஜிப்பு வச்ச பையா எடுத்துட்டுப் போங்க. தோள்ல மாட்டிக்கிற மாதிரி."

"அதெல்லாம் ஆளுங்க கண்ணு படும்மா. பஸ்ல பறிச்சுட்டுப் போனான்னா? இது போதும்."

சர்புன்னிசாவின் மாற்றுத்துணி வந்த கட்டைப்பை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சிவப்பிலும் மஞ்சளிலும் ஜவுளிக்கடைப் பெயர் போட்டது. அவளுடைய பழைய வாயில் சேலை ஒன்றை ஜாடியைச் சுற்றி இறுக்கிப் பையின் அடியில் வைத்தார். மருத்துவமனைச் சீட்டை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். பை போனாலும் சீட்டு போகக் கூடாது என்று நினைத்தார். முப்பத்தோரு வருடத்து வியாபாரப் புத்தி அவ்வளவையும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் பயன்படுத்தினார்.

மறுநாள் முகூர்த்த நாள். பேருந்து நிலையத்தில் நிற்க இடமில்லை. தாம்பாளத் தட்டு, வாழைத்தார், அலுமினியப் பாத்திரம், குழந்தைகள். மதுரைப் பேருந்து திரும்பி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் விழ ஆரம்பித்தன. கிதர் முகம்மது வீசவில்லை. ஜன்னலோரம் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட ஒரு பெண்ணிடம் பையை நீட்டினார்.

"அம்மா, ஒரு எடம் போடுங்கம்மா. மெதுவா வைங்க."

"கொடுங்க பாய்" என்று அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள்.

அவர் நெருக்கியடித்து ஏறி வந்தபோது இடம் காலியாக இருந்தது. பை சீட்டின் மேல் இல்லை.

"எங்காலுக்குக் கீழ வச்சிருக்கேன் பாய். இல்லைன்னா எவனாச்சும் மேல உக்காந்துருவான்."

"ரொம்ப நன்றிம்மா."

நடத்துநர் வந்தார். "பாய், நீங்க ஏறுறதுக்கு முன்னாடி உங்க பை ஏறிருச்சு. அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுரவா?" பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிதர் முகம்மதுவும் சிரித்தார். மூன்று இரவாக அவர் தூங்கவில்லை. சின்னாளப்பட்டி தாண்டுவதற்குள் தலை சரிந்துவிட்டது. விழித்தபோது பேருந்து ஆரப்பாளையத்தில் நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரத்துப் பெண் இல்லை. சீட்டுக்கு அடியில் சிவப்பு மஞ்சள் கட்டைப்பை இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கோரிப்பாளையத்தில் பரிசோதனைக் கூடம். கவுண்டரில் இருந்த பெண் சீட்டை வாங்கிப் பதிந்து, திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள். அவர் பைக்குள் கைவிட்டார். துணி விரலில் பட்டது. வாயில் சேலை இல்லை, வழுவழுப்பான துணி. வெளியே இழுத்தார். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டு ஜாக்கெட். அதற்கடியில் இன்னும் இரண்டு ஜாக்கெட், ஒரு பாவாடை, கண்ணாடி வளையல் அட்டைப்பெட்டி, குங்குமப் பொட்டலம்.

"ஐயா, ஸ்பெசிமன்?"

பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

ஆட்டோ பிடித்து ஆரப்பாளையத்துக்கே ஓடினார். பேருந்து திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போய்விட்டிருந்தது. டைம் கீப்பர் நல்ல மனிதர். அந்த வண்டியின் நடத்துநருக்கே போன் போட்டுக் கேட்டார். வண்டியில் பை ஒன்றும் இல்லை. யார் யார் எங்கே இறங்கினார்கள் என்று கேட்டதற்குப் பாதிப் பேர் கொடைரோட்டில் இறங்கினார்கள் என்று பதில் வந்தது.

"என்ன பை பாய் அது?"

"கட்டப்பை."

"சரி, கட்டப்பை. என்ன கலரு?"

"செவப்பு, மஞ்ச. ஜவுளிக்கடை பேரு போட்டது."

டைம் கீப்பர் அவரை ஒருமாதிரி பார்த்தார். எதிரே நடைமேடையைக் காட்டினார். அங்கே நின்ற கூட்டத்தில் நாலைந்து பேர் கையில் அதே பை இருந்தது. "வேற அடையாளம் ஏதாச்சும்? கைப்பிடி அறுந்தது, கிழிஞ்சது, தையல் போட்டது?"

நூறு பைகளை நடுவில் கலந்து போட்டாலும் எது எந்த ஊர்த் தையல் என்று சொல்லிவிடக் கூடியவர் கிதர் முகம்மது. அன்றைக்கு அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அடையாளம் இல்லாத பை என்பதற்காகத்தான் அதை எடுத்து வந்திருந்தார்.

"உங்க கையில இருக்கிற பையில பாருங்க பாய், துண்டுச்சீட்டு ஏதாச்சும் கெடக்கும்" என்றார் டைம் கீப்பர்.

கிடந்தது. ஜாக்கெட் ஒன்றில் தையல்கடைச் சீட்டு குண்டூசியால் குத்தியிருந்தது. திண்டுக்கல் கடை. 'மணிமேகலை, 3 ஜா' என்று எழுதியிருந்தது. தையல்கடை நம்பருக்குப் போட்டார். சாப்பாட்டு நேரம், எடுக்க ஆளில்லை. ஏழாவது முறை எடுத்த தையல்காரர், மணிமேகலை என்றால் நிலக்கோட்டைப் பக்கத்துப் பூக்காரம்மா, மகளுக்கு நாளைக்குக் கல்யாணம் என்று சொல்லி நம்பரையும் தேடிக் கொடுத்தார். அப்போது மணி இரண்டே கால்.

மணிமேகலையின் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை ஒரு ஆண் குரல்.

"யாரு?"

"ஐயா, நான் திண்டுக்கல்லு. பஸ்ல பை மாறிப்போச்சு. உங்க ஜாக்கெட்டெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. எம் பை உங்ககிட்ட..."

எதிர்ப்பக்கம் மேளத்துக்கு ஆள் சொல்லும் சத்தமும் பாத்திரம் உருளும் சத்தமும் மட்டும் கேட்டன.

"அந்தப் பை உன்னுதா?"

"ஆமாங்கய்யா. அதுல ஒரு ஜாடி..."

"நேர்ல வா" என்றது குரல். அவ்வளவுதான்.

கொடைரோட்டில் இறங்கி, நிலக்கோட்டைக்கு வண்டி மாறி, அங்கிருந்து ஆட்டோவில் நாலு கிலோமீட்டர். சாலையின் இரண்டு பக்கமும் மல்லிகைத் தோட்டம். கவாத்து வெட்டிய குச்சிகளை வரப்போரம் குவித்திருந்தார்கள். பந்தல் போட்ட வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. கல்யாணப் பெண்ணின் அப்பா பொன்னழகு முன்னால் வந்தார். ஒல்லியான, உயரமான ஆள். கண் சிவந்திருந்தது.

"எதுக்குயா எங்க வீட்டுப் பொம்பள காலடியில அத வச்ச? யாரு சொல்லி வச்ச?"

"யாரு சொல்லியும் வைக்கலங்க. எடம் போடக் குடுத்தேன். அது எங்க..."

"கல்யாணத்துக்கு மொத நாளு. ஒரு பொம்பள கட்டுன பழஞ்சேல, அதுக்குள்ள சதை. இது என்னன்னு எங்களுக்குத் தெரியாதா?"

கூட்டத்தில் ஒருவன், "பேச்சென்ன மாமா, ஸ்டேசனுக்குச் சொல்லுங்க" என்றான்.

கிதர் முகம்மது சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து விரித்தார். அதற்குள் உள்ளேயிருந்து மணிமேகலை வந்துவிட்டாள். அவரை அடையாளம் தெரிந்துகொண்டாள். "இந்த பாய்தான். இவரு அப்படிப்பட்ட ஆளு இல்லைங்க. பஸ்ல அசந்து தூங்குனாரு. எந்தப் பை உங்கதுன்னு கேப்போமான்னு பாத்தேன். எழுப்ப மனசு வரல."

கல்யாணப் பெண் பானுப்ரியாவும் கையில் காயாத மருதாணியோடு நிலைப்படிக்கு வந்தாள். நர்சிங் முடித்து மதுரையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். "அது என்ன சீட்டு? எனக்குக் காட்டுங்க" என்றாள். விரல்களை மடக்க முடியாததால், ஒரு சின்னப் பெண் சீட்டை அவள் கண்ணுக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

அவள் ஒரு முறை படித்தாள். மறுபடியும் மேலிருந்து படித்தாள்.

"அப்பா, அது எங்க?"

பொன்னழகு தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு அம்மாவுக்கு மார்ல கட்டி எடுத்திருக்காங்க. கேன்சரான்னு டெஸ்ட் பண்ணக் கொண்டுபோயிருக்காரு. அது எங்கப்பா?"

நடந்தது இதுதான். மணிமேகலை வீடு வந்து சேர்ந்து, ஜாக்கெட்டை எடுத்துக் காட்டுவதற்காகச் சொந்தக்காரப் பெண்கள் முன்னால் பையை அவிழ்த்தாள். பழஞ்சேலை வந்தது. அதற்குள் ஜாடி வந்தது. யாரோ மூடியைத் திறந்தார்கள். திறந்த மறு நொடி அறையிலிருந்த அத்தனை பேருக்கும் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. ஒரு குழந்தை மூச்சு முட்டி வீறிட்டது. செய்வினைதான் என்பதில் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெண்ணின் கண்ணில் படக் கூடாது என்று பானுப்ரியா இருந்த அறையின் கதவைச் சாத்தினார்கள். பொன்னழகு ஜாடியையும் சேலையையும் பையோடு தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார்.

"எரிச்சுட்டோம்" என்றார் பொன்னழகு.

"எப்ப?" என்றார் கிதர் முகம்மது.

"ஒரு மணி, ஒன்றரை இருக்கும்."

ஒன்றரை மணிக்கு அவர் ஆரப்பாளையத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து தையல்கடைக்காரரின் போனை அடித்துக்கொண்டிருந்தார்.

"பிளாஸ்டர்ல பேரு எழுதியிருந்திருக்கும்லப்பா" என்றாள் பானுப்ரியா. அவளுடைய குரல் உயர்ந்தது. "அந்தக் கதவச் சாத்துன நேரத்துல எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்த?"

"ஏதோ எழுதியிருந்துச்சு. இங்கிலீசா, மந்திரமான்னு யாரு நின்னு பாத்தா?" என்றார் பொன்னழகு. சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். ஸ்டேசனுக்குச் சொல்லச் சொன்னவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிதர் முகம்மது, "இடத்தக் காட்டுங்க" என்றார்.

தோட்டத்தின் கோடியில், கவாத்துக் குச்சி எரிந்த சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. பிளாஸ்டிக் உருகிக் கருப்பாகப் படிந்திருந்தது. பொன்னழகு வெறுங்கையால் கிளறினார். சுட்டதைப் பொருட்படுத்தவில்லை. கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கரி உருண்டை கிடைத்தது. அதுதானா, இல்லை பிளாஸ்டிக்கா என்று சொல்ல முடியவில்லை.

"பாய், இத வச்சுப் பாக்க முடியாதா? நான் வண்டியில இப்பவே மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். கல்யாண வேலை கெடக்கட்டும்."

வரப்பில் நின்ற பானுப்ரியா தலையை அசைத்தாள். "எரிஞ்சதுல ஒண்ணும் தெரியாதுப்பா."

"எங்கள்ல எரிக்க மாட்டோம்ங்க" என்றார் கிதர் முகம்மது. குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. "நகம் முடியக்கூட மண்ணுல பொதைக்கிறவ அவ."

தன் கைக்குட்டையில் அந்த உருண்டையை மடித்துக்கொண்டார். மணிமேகலை வாசலில் இருந்து தொழுத கையை எடுக்காமல் நின்றாள். "அந்த அம்மாட்ட நான் வந்து சொல்றேன் பாய். எங்க காலம் பூரா சொல்லணும்னாலும் சொல்றேன்." அவர் ஜாக்கெட் பையை அவள் காலருகில் வைத்தார். அதைத் தொட அவள் தயங்கியதைக் கவனித்தார். பொன்னழகு கொடைரோடு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். பேருந்து ஏறும்போது பொன்னழகு, "அது நல்ல கட்டியாத்தான் இருந்திருக்கும் பாய்" என்றார். கிதர் முகம்மது தலையாட்டினார்.

திண்டுக்கல்லில், பேகம்பூரில் இருந்த தன் வீட்டுக் கொல்லையில், கருவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் அன்று மாலையே குழி தோண்டி அதைப் புதைத்தார். பிறகு மருத்துவமனைக்குப் போனார்.

நஸீராவிடம் படிக்கட்டில் வைத்துச் சொன்னார். அவள் சுவரில் சாய்ந்தாள். "ஜிப்பு வச்ச பை எடுத்துட்டுப் போகச் சொன்னேன்ல அத்தா" என்றாள். அதன் பிறகு அதை அவள் ஒருபோதும் சொல்லவில்லை. அந்த ஒரு முறை சொன்னதே அவருக்குத் தினமும் கேட்டது.

சர்புன்னிசாவிடம் ரிப்போர்ட் வரத் தாமதமாகும் என்றார்கள். இரண்டு நாள் நம்பினாள். மூன்றாம் நாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "எந்தச் சேலையில சுத்துனீங்க?" என்று கேட்டாள்.

"எத?"

"ஜாடிய. மாத்திக்கத் தேடுறேன், அந்த வாயில் சேலயக் காணோம். லேபுல சேலயையுமா வாங்கி வச்சுக்கிட்டாங்க?"

கிதர் முகம்மது எல்லாவற்றையும் சொன்னார். டிக்கெட் ஜோக்கைக்கூட விடாமல் சொன்னார். எதை விட்டுவிட்டுச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நெருப்புலயா?"

"ம்."

அவள் படுத்துச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் கிதர் முகம்மதுவுக்கு நன்றாக இருந்திருக்கும். பேப்பரை எடுத்து இரண்டு வழியை எழுதிக் காட்டினார். ஒன்று, காத்திருப்பது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. அது கெட்ட கட்டியாக இருந்திருந்தால் அதற்குள் வேறு எங்காவது பரவியிருக்கலாம். இரண்டு, கெட்டது என்றே வைத்துக்கொண்டு மார்பை முழுவதும் எடுத்துவிடுவது, அக்குளில் உள்ள நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், சேர்த்து. நல்ல கட்டியாக இருந்திருந்தால் அத்தனையும் வீண். "எது சரின்னு நான் சொல்ல மாட்டேன். சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

வீட்டில் எட்டு நாள் அதே பேச்சு. நஸீரா காத்திருக்கலாம் என்றாள். கிதர் முகம்மது வாயைத் திறக்கவில்லை. எந்தப் பக்கம் பேசவும் தனக்கு உரிமை இல்லை என்று அவருக்குத் தோன்றியது. கடைக்குப் போய் உட்காருவார். நகைக்குப் பை கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். இருப்பதிலேயே விலை கூடிய கைப்பையை எடுத்து, உள்ளே ஜிப், வெளியே பூட்டு என்று காட்டி, கட்டைப்பைப் பேச்சையே எடுக்காமல் விற்றார்.

ஒன்பதாம் நாள் சோற்றுத்தட்டின் முன்னால் சர்புன்னிசா சொன்னாள். "எடுத்துரச் சொல்லுங்க."

"அம்மா, அவசரப்படாத."

"நீ சும்மா இரு நஸீரா. மூணு மாசத்துக்கு ஒருக்கா, மூணு மாசத்துக்கு ஒருக்கான்னு... கையத் தூக்குனா பயம், இருமுனா பயம். அப்படி எத்தன வருசம் தூங்காம கெடக்குறது? எடுத்துட்டா ஒரு முடிவு தெரியும்ல."

மாசி கடைசியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இந்த முறை எடுத்ததை மருத்துவமனையே தன் ஆள் மூலம் மதுரைக்கு அனுப்பியது. கிதர் முகம்மது வற்புறுத்திக் கேட்டதால் அந்த ஏற்பாடு. வண்டி கிளம்புவதை வாசலில் நின்று பார்த்தார்.

பதினோரு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தார். எடுத்த மார்பில் எங்கும் புற்று இல்லை. அக்குளில் எடுத்த பதினான்கு நெறிகளிலும் இல்லை. பழைய அறுவைத் தழும்பு மட்டும் இருப்பதாக எழுதியிருந்தது.

"நல்ல செய்திதான்" என்றார் டாக்டர். "அந்தக் கட்டியோடவே முழுசும் வெளிய வந்திருக்கலாம். இல்ல, அது மொதல்ல இருந்தே நல்ல கட்டியா இருந்திருக்கலாம். மருந்து ஏத்தணுமா வேணாமான்னு இத வச்சுச் சொல்ல முடியல. அத இன்னொருத்தர்ட்டயும் கேட்டுப் பாப்போம்."

வீட்டுக்கு வந்து கிதர் முகம்மது ரிப்போர்ட்டைக் கட்டிலில் வைத்தார். சர்புன்னிசா இடது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். அந்தக் கையை இறக்கினால் வலிக்கும். தோளிலிருந்து இடுப்பு வரை கட்டு. ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

"என்ன போட்டுருக்கு?"

"ஒண்ணும் இல்லைன்னு போட்டுருக்கு. எடுத்ததுல எங்கயும் இல்லையாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் நஸீரா. அழ ஆரம்பித்தாள்.

சர்புன்னிசா மகளைப் பார்க்கவில்லை. வலது கையால் தாளை எடுத்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் மேலிருந்து கீழே வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். அங்கே ஒன்றும் அச்சாகவில்லை.

"இது இதோடது" என்று தட்டையான பக்கத்தைக் காட்டினாள். "அதோடது?"

கிதர் முகம்மது கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க. அது கெட்டதுன்னா, இது போனா போகட்டும். அது நல்லதா இருந்துச்சுன்னா?"

அவள் தாளை மடிக்காமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.